சாக்கடை சோசியர் எழுதிக் கொடுத்த விளக்கம்

ஆபீசில் அவருக்கு வைத்த பெயர் சாக்கடை சோசியர். ஆஸ்பத்திரித் தெருவின் கழிவுநீர்க் குழியில் வாரம் இருமுறை கயிறு கட்டிய பாட்டிலை இறக்கி, மொண்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார். ஒருத்தர் இருமுவதற்கு முன்பே, வைரஸ் பரவுகிறதா என்பதை அந்தத் தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும். அவரைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அதே ஆட்கள், மேடை கிடைத்தால் "எங்கள் கண்காணிப்பு" என்று மார்தட்டுவார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் அவருடைய அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வைரஸ் ஏறுவது தெரிந்தால் சிறுநீரக நோயாளிகளைத் தனி அறைக்கு மாற்றுவார்கள். தெரியாவிட்டால் இருமுகிறவர்களுக்கு நடுவில் படுக்கவேண்டியதுதான். அக்காவின் உடம்பு இன்னொரு காய்ச்சலைத் தாங்காது.

அந்த வாரம் மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். அவர்கள் மூக்கு நோகக்கூடாதே! முந்தின நாளே ஆபீஸ் அதிகாரி அந்தக் குழியில் மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்ட வைத்தார். மறுநாள் மாதிரியில் வைரஸ் பூஜ்யம். அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை, கேக் வெட்டினார்.

சோசியர் ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பார்த்தார். மிளகாய்ச் செடிக்கு வரும் வைரஸ் ஒன்று சாப்பாட்டோடு உள்ளே போய் மலத்தோடு வெளியே வரும். மனிதருக்குக் கெடுதல் இல்லை. எந்தச் சாக்கடையிலும் அது இருந்தே தீரும். இல்லையென்றால் மாதிரி கெட்டுவிட்டது என்று அர்த்தம். இந்த மாதிரியில் அதுவும் பூஜ்யம்.

"சார், மிளகாய் வைரஸும் இல்லையே. ஊர்ல ஒருத்தருமே கக்கூஸ் போகலையா?"

"யோவ், மொள்ளுறதுதான் உன் வேலை. படிக்கிறது எங்க வேலை."

"படிச்சிருந்தா கேக் வெட்டியிருக்க மாட்டீங்களே, சார். இன்னொரு தடவை எடுக்கட்டுமா?"

"நான் கையெழுத்துப் போடணும். அடுத்த வாரம் பார்க்கலாம்."

அடுத்த வாரமாம்! அக்காவின் முறை நாளை மறுநாள். சோசியர் நேராகப் போய், தண்ணீர் வரும் பக்கத்தில் இருந்த, பவுடர் படாத மேல்குழியில் பாட்டிலை இறக்கினார். ஆய்வகத்துப் பெண் கையெழுத்து எங்கே என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள். மறுநாள் பார்த்தால் எண்ணிக்கை வழக்கத்தைவிடப் பத்து மடங்கு. அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

அக்காவின் படுக்கை தனி அறைக்குப் போனது. அதிகாரி தன் விழிப்புணர்வைப் பற்றிப் பேட்டி கொடுத்தார். கையோடு சோசியருக்கு ஒரு மெமோவும் கொடுத்தார்: அனுமதியின்றி மாதிரி எடுத்ததற்கு விளக்கம் தரவும்.

"என்னடா எழுதியிருக்க?" என்று அக்கா போனில் கேட்டாள். அவர் வாசித்துக் காட்டினார்.

"ஐயா, ஊரில் யாராவது கக்கூஸ் போகிறார்களா என்று பார்க்கவே எடுத்தேன். போகிறார்கள்."

அக்கா குலுங்கிச் சிரித்ததில் ஊசி குத்திய கை ஆடி, மெஷின் கத்தியது. நர்ஸ் ஓடி வந்தாள்.

"ஒரு எழுத்து மாத்தாம அப்படியே குடுத்துடுடா" என்றாள் அக்கா.