விளக்குக்கு முன்னால் ஐந்து அடை

சூடேறிய இரும்புக் கல்லில் தேங்காயெண்ணெய் விழுந்து, அடையின் ஓரம் முறுகிச் சிவக்கும்போது எழுகிற வாசனை இருக்கிறதே, அது இன்றைக்கும் என்னை நாற்காலியிலிருந்து கிளப்பிவிடும். பகல் முழுவதும் ஊர் சுற்றப் போயிருந்த என் பசி, சரியாக மாலை ஆறரைக்குத்தான் கரமனையில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும்.

நான்காம் வகுப்பில், ஓரிடத்தில் உட்காராத, எதையும் கவனிக்க முடியாத எனக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடடா, என்ன மாத்திரை அது! டீச்சர் தொடங்கிய வாக்கியம் முடிகிறவரை என் காதில் நின்றது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தெருக்கோடிவரை ஓடித் திரும்பினேன். ஒரே ஒரு தொல்லை, காலையில் காபியோடு அதை விழுங்கிவிட்டால் அப்புறம் இட்லியும் இறங்காது, மதியச் சோறும் இறங்காது.

டப்பாவைத் திறந்தால் அம்மாவின் எலுமிச்சஞ்சாதம் எனக்கு மஞ்சள் மணலாகத் தெரியும். பக்கத்தில் உட்காரும் ஷைனி, "எனிக்கு தருமோ?" என்று மலையாளத்தில் கேட்பாள், டப்பாவோடு தந்துவிடுவேன். காலி டப்பாவைக் கண்ட அம்மா, "இன்னிக்கும் வழிச்சுச் சாப்ட்டிருக்கா, கேட்டேளா!" என்று அப்பாவிடம் பூரித்துப்போய், மறுநாள் இன்னொரு கரண்டி கூட வைப்பாள். ஷைனியின் கன்னம் உப்பியது. என் யூனிபார்ம் பாவாடை இடுப்பில் நிற்க மறுத்தது.

மூன்றாம் மாதம் டாக்டர் என்னை எடை பார்த்தார், நம்பாமல் மறுபடியும் பார்த்தார். "ஒரு பருக்கை மிச்சம் வைக்கறதில்லையே டாக்டர்!" என்றாள் அம்மா. "சாப்பிட்டும் இவ்வளவு குறைஞ்சாச்சா? அப்போ மாத்திரையை நிறுத்தலாம்" என்று அவர் பேனாவை எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. வீட்டில் இன்னொரு கதைப் புத்தகம் பாதியில் கிடந்தது. "நான் சாப்டவே இல்ல! எல்லாம் ஷைனிதான் சாப்ட்டா!" என்று கத்திவிட்டேன்.

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டாக்டர் சிரித்து முடித்து, எப்போது பசிக்கிறது என்று கேட்டுக்கொண்டு, காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் கொடுக்கவும், மாலையில் மருந்தின் வேகம் அடங்கிப் பசி வரும்போது உடனே சோறு போடவும் சொன்னார். ஒரு மாதம் அவகாசம். எடை ஏறாவிட்டால் மாத்திரை இல்லை.

காலைக்குச் சிக்கலில்லை. மாலைக்குத்தான் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்காவான அவள் ஆறரைக்கு விளக்கேற்றி ஸ்லோகம் சொல்லி முடிக்க மணி எட்டாகும். "விளக்கு வச்ச நேரத்துல வாயில ஒண்ணும் போடப்படாது" என்பது அவள் சட்டம். எட்டு மணிக்குள் நான் பசியோடு தூங்கிவிடுவேன். அம்மா டாக்டர் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கையில் தீப்பெட்டியோடு நின்ற அத்தை, என் குச்சிக் கைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தீப்பெட்டியை அம்மாவிடம் நீட்டினாள்.

"அடுப்பை மூட்டு. விளக்கு வச்சாத்தானே விளக்கு வச்ச நேரம்?"

தெரு முழுக்க விளக்கு எரிய, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. எதிர்வீட்டு மாமி, "என்னாச்சு, இன்னும் விளக்கேத்தலையா?" என்று கேட்க, அத்தை உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்: "இங்க ஒருத்தி சாப்டிண்டிருக்கா!" ஐந்து அடை! விரலைக்கூட விடாமல் நக்கினேன். ஒரு மாதம் இப்படியே போனது. அடுத்தமுறை எடை மெஷினின் முள் நகர்ந்தபோது நான் அதன்மேலேயே குதிக்க, டாக்டர் அதட்டிக்கொண்டே மாத்திரைச் சீட்டை எழுதினார்.

இப்போது கழக்கூட்டம் என்கிற ஊரில் வேலை, வாடகை ஃபிளாட். மாத்திரை மாறிவிட்டது, ஆனால் மாலைப் பசி அதேதான். கரமனை வீட்டை விற்றாயிற்று, அத்தையும் இல்லை. அவளுடைய விளக்கு மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை ஏன் இவ்வளவு நேரம் கழித்து ஏற்றுகிறாய் என்று பக்கத்து ஃபிளாட்டுப் பெண் போன வாரம் கேட்டாள்.

"இங்க ஒருத்தி சாப்டிண்டிருந்தா" என்றேன்.