ஜெனி தேடிய பச்சை விளக்கு

இதை எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்க்கவில்லை. பிழை இருந்தால் இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை. மரக்காணத்தில் ரோட்டோரம் பைக்கை நிறுத்தி உப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால்... ஜெனி இல்லை.

ஜெனி என் மகள். எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். பேச்சு இன்னும் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்ப மாட்டாள்.

எதிரே உப்புப் பாத்திகள். அங்கங்கே தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியல்கள். அவற்றுக்குப் பின்னால் கால்வாய் — ஆழமானது.

“ஜெனீ! ஜெனீ!” என்று கத்திக்கொண்டே வரப்பில் ஓடினேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

“இன்னா கலர் டிரெஸ்ஸு சார்?”

“மஞ்ச கவுன்.”

“பேரு?”

“ஜெனி.”

அவ்வளவுதான். நாலு பக்கமும், “ஜெனிப் பாப்பா! ஏ பாப்பா!” நம் ஊரில் அக்கறையைக் குரலில்தானே காட்டுவோம்?

ஆனால், சத்தம் கேட்டால் ஜெனி காதைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பாள். எதிர்ப்பக்கம் என்றால்... கால்வாய்.

அப்போதுதான் அந்த ரோபோ ஞாபகம் வந்தது.

குயிலாப்பாளையம் பக்கம் ஒரு தெரபி சென்டருக்கு அவளை அழைத்துப் போகிறோம். அங்கே தண்ணீர்க் குடம் உயரத்தில் ஒரு ரோபோ. “ஜெ...னி” என்று ராகம் போல ஒரே ஒரு முறை கூப்பிடும். பிறகு காத்திருக்கும். அவள் வந்து அதன் நெஞ்சைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும்.

ஒருநாள் அவள் வர வெகுநேரம் ஆனது. பொறுக்காமல் நானும் கூப்பிட்டுவிட்டேன்.

“அதான் அது கூப்பிட்டுடுச்சே சார், நீங்க எதுக்கு நடுவுல?” என்றார் தெரபிஸ்ட்.

“அதுக்கென்னங்க மேடம், எவ்ளோ நேரம்னாலும் வெயிட் பண்ணும். அடுப்புல பாலா வெச்சிட்டு வந்திருக்குது?” என்றேன். சிரித்துவிட்டார்.

உப்பளத்தில் கையெடுத்துக் கும்பிட்டேன். “எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க... கத்தாதீங்க!”

“இன்னா சார், புள்ளயக் காணோம்ன்ற, கத்தாதன்ற?” என்றார் ஒரு அக்கா. ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். மற்றவர்களும் அடங்கினார்கள். காற்று மட்டும்.

ரோபோவின் அதே ராகத்தில், ஒரே முறை: “ஜெ...னி.”

பிறகு காத்திருந்தேன். வாய்வரை வந்த இரண்டாவது ‘ஜெனி’யைப் பல்லைக் கடித்து விழுங்கினேன். பெற்றவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை உண்டா?

கால்வாய் ஓரத்துக் குவியலுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் கவுன் வெளியே வந்தது. வரப்பில் நிதானமாக, எங்கோ பார்த்தபடி... என்னை நோக்கி.

அந்த ரோபோ என் பிள்ளைக்கு மட்டும்தான் பாடம் எடுக்கிறது என்று நினைத்திருந்தேன். நாம் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம், கேள்வி கேட்கிறோம். சரி. அவர்கள் பதில் சொல்ல இடம் விடுகிறோமா?

வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையின் மேல் என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள்.

“அப்பாகிட்ட லைட்டு இல்லடா கண்ணு...”

பச்சை விளக்குதான் எரியவில்லை. அவள் கைக்கடியில் நெஞ்சு அடித்த அடி அவளுக்குத் தெரிந்திருக்கும்.