ஊத்துக்குளி வெண்ணெயும் என் மாணவியும்

"ஏனுங்க சார், எந்த எடத்துல 'தி' போடக் கூடாதுங்க?"

பனியன் கம்பெனியில் சேர்ந்த புதிதில் கவிதா கேட்டது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு அவள்தான் இங்கிலீஷில் மெயில் எழுத வேண்டும். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் என் வீட்டுக்குப் படிக்க வருகிறாள்.

"வெண்ணெய்னு பொதுவாச் சொன்னா வெறும் பட்டர், கண்ணு. நேத்து ஊத்துக்குளியில வாங்குன அந்த வெண்ணெய்னா, தி பட்டர்."

இன்று வேலம்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவளும் அவளுடன் வேலை பார்க்கும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு 'தி' எங்கே போடுவதென்று அதே வெண்ணெய் உதாரணத்தை, ஊத்துக்குளி உட்பட, சொல்லிக்கொண்டிருந்தாள் கவிதா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"உங்களுக்கு இதெல்லாம் யாருக்கா சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்லடி. டிவி பாத்து நானே கத்துக்கிட்டேன்."

எந்த டிவியில் ஊத்துக்குளி வெண்ணெய் வருகிறது? மனது விட்டுப்போயிற்று.

இறங்கும்போது பார்த்துவிட்டாள். முகம் வெளுத்தது.

"சார்... எப்பங்க ஏறுனீங்க?"

"நீ வெண்ணெய் வாங்கறதுக்கு முன்னாடியே ஏறிட்டேன், கண்ணு."

ஞாயிறு வருவாளா, தெரியவில்லை. நாற்காலியை எடுத்துப் போட்டுத்தான் வைப்பேன்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். பஸ்ஸில் இப்படி ஏதாவது சொல்வதற்கு முன், பின் சீட்டை ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.