பேர் சொல்லாத வருத்தம்

திவாகரனிடம் மணி என்னவென்று கேட்டால், கடிகாரம் வாங்கின கதையிலிருந்துதான் ஆரம்பிப்பார். கண்டியில் ஒரு கம்பனிக்கு ஊழியர் வேன் ஓட்டுகிறார். காலையில் கெலிஓயாவிலிருந்து ஆட்களை ஏற்றி வருவார், மாலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு மஹய்யாவ வீட்டுக்குத் திரும்புவார். போகும்போதும் வாய் ஓயாது, வரும்போதும் ஓயாது. அரிசி விலை, கிரிக்கெட், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார் என்பது வரைக்கும் சகலமும் வரும். வேன் ரேடியோ பழுதாகி ஒரு வருஷம் கிடந்தது. ஏறி இறங்கியவர்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் சில சொற்களை மட்டும் நாக்கில் வைக்க மாட்டார். அவர் பிறந்தது தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். அவர் வீட்டில் இருட்டின பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள், பூச்சி என்பார்கள். அம்மை போட்டால் அம்மா வந்திருக்கிறாள். ஆள் செத்தால் தவறிவிட்டார். கெட்டதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்கும், பார்த்தால் வீடு தேடி வரும். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் வளர்ந்ததும் இதை விட்டுவிட்டார்கள். திவாகரன் விடவில்லை.

அதனால், மனைவி ஞானேஸ்வரிக்கு மார்பில் வந்த கட்டி புற்றுநோய் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு அவர் வீட்டில் இடமில்லாமல் போனது. காய்ச்சலையும் தலைவலியையும் சொல்வதுபோல "உன் வருத்தம்" என்பார், அவ்வளவுதான். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. யார் விசாரித்தாலும் "சின்னக் கட்டி, எடுத்தாச்சு, நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு உடனே கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுவார். ஞானேஸ்வரி சில வேளை "என்னங்க, எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பார். "இரு, டீ ஊத்திட்டு வர்றேன்" என்று எழுந்து போய்விடுவார் இவர். அந்த மாதங்களில் அந்த வீட்டில் குடித்த தேநீருக்கு அளவே இல்லை.

ஒப்பரேஷனுக்குப் பிறகு ஊசி போட வேண்டும் என்றார் டொக்டர். ஒன்றல்ல, வரிசையாக. நோய் திரும்பாமல் இருக்க அதுதான் வழி, முதல் ஊசி வியாழக்கிழமை, தள்ளிப்போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த ஊசியின் விலையைக் கேட்டால் நல்ல ஆளுக்கே வருத்தம் வரும். நல்லகாலம், கம்பனியின் காப்புறுதியில் மனைவியும் சேர்த்தி. ஆனால் ஒரு சட்டம் இருந்தது. அதை அவருக்கு விளக்கியவர் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் நிஸாம், தினமும் வேனில் முன் சீட்டில் வருபவர்.

"ஊசி போட முந்தி அவங்கட அனுமதி வாங்கணும் திவா. போட்டுட்டுப் போய்க் கேட்டா ஒண்டும் கெடைக்காது. அவங்களே போன்ல கோல் எடுத்து வெவரம் கேப்பாங்க. இன்சூரன்ஸ் ஒங்கட பேருல, அதனால நீங்கதான் பேசணும்."

பேசுவதுதானே, இதற்கென்ன என்று திவாகரன் நினைத்தார். பேச்சில் அவரை வெல்ல யார் இருக்கிறார்கள்?

கோல் வந்தது. பஸ்லினா என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு பெண் பிள்ளை, மரியாதையாக, "மனைவிக்கு என்ன வருத்தம் சேர்?" என்று கேட்டார்.

"சின்னக் கட்டி ஒண்ணு மிஸ். எடுத்தாச்சு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. ஆண்டவன் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல."

மறுநாள் போனுக்குச் செய்தி வந்தது. கட்டி அகற்றப்பட்டு நோயாளி நலமாக உள்ளதால் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி தர இயலாது.

ஞானேஸ்வரி அதை இரண்டு தடவை வாசித்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்தது.

"நல்லா இருக்கான்னு அடுத்த வீட்டுக்குச் சொல்லுங்க, மாமா வீட்டுக்குச் சொல்லுங்க. இன்சூரன்சுக்குமா சொல்லுவீங்க?"

"வேற எப்படி ஞானம் சொல்றது?"

"எனக்கு என்னன்னு இருக்கோ அதச் சொல்றது. நான் பேசினா எடுக்க மாட்டாங்களாம். நீங்கதான் சொல்லணும். வியாழக்கிழம ஊசிங்க."

சொல்லிவிட்டு ஞானேஸ்வரி பருப்புச் சட்டியைத் தேய்க்கப் போனார். அவர் தோள் குலுங்குவதைத் திவாகரன் பின்னாலிருந்து பார்த்தார். அன்றைக்குத் தேநீர் ஊற்றக்கூடத் தோன்றவில்லை.

காலையில் முதல் வேலையாகக் காப்புறுதிக் காரியாலயத்தை அழைத்தார். மறுபடி பரிசீலிப்போம், மாலைக்குள் கோல் எடுப்போம் என்றார்கள். மாலைக்குள் என்றால் மாலையில்தான் எடுப்பார்கள். வேன் நிறைய ஆட்களோடு கெட்டம்பே நெரிசலில் ஓர் அங்குலம் நகராமல் நின்றபோது போன் அடித்தது. கைக்குப் போனை எடுக்கலாம் என்றால், வேனில் புதிதாகப் பொருத்திய ரேடியோ செட்டோடு அது இணைந்து கிடந்தது. பஸ்லினாவின் குரல் வேன் முழுக்க ஒலித்தது.

"சேர், இந்தக் கோல் பதிவாகும். மனைவிக்கு என்ன வருத்தம் எண்டு திரும்பச் சொல்லுங்க."

பின்னால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"பெரிய வருத்தம் மிஸ்."

"என்ன பெரிய வருத்தம்?"

"அதான்... அந்த வருத்தம்."

"எந்த வருத்தம் சேர்?"

"கூடாத வருத்தம் மிஸ். ஒங்களுக்குத் தெரியும்தானே."

அந்தப் பிள்ளையின் குரல் காரியாலயத் தோரணையை விட்டு இறங்கி வந்தது, 'சேர்' போய் அண்ணனைக் கூப்பிடும் 'நானா' ஆனது. "நானா, எனக்குத் தெரியும். நான் செல்ல ஏலா. நீங்கதான் பேரச் செல்லணும். செல்லுங்க நானா, செல்லாட்டி நான் இதக் கட் பண்ண வேண்டி வரும்."

நிஸாம் மெல்ல அவர் தோளில் கை வைத்தார். திவாகரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வேன் ஓடவில்லை என்பதால் ஒரு ஆபத்தும் இல்லை.

"கேன்சர்," என்றார். பாதிதான் வெளியே வந்தது. அதனால் மறுபடி சொன்னார், இந்த முறை பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி. "என் வைஃபுக்கு மார்புல கேன்சர் மிஸ். ஞானேஸ்வரிக்கு."

வானம் இடிந்து விழவில்லை. முன்னால் நின்ற பஸ் ஓரடி நகர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் திவாகரனின் வாய் திறந்துவிட்டது. எந்தப் பக்கம், எந்தக் கட்டம், டொக்டர் என்ன சொன்னார், ஊசியின் பேர் என்ன, ஒப்பரேஷன் நாளில் பெரியாஸ்பத்திரி வாசலில் தான் செருப்பைத் தொலைத்தது எப்படி என்று இத்தனை மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் பொலபொலவென்று கொட்டியது. பேராதனைச் சந்தி வந்தும் பேச்சு நிற்கவில்லை.

"போதும் நானா," என்றார் பஸ்லினா. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரல். "டொக்டர்ட ரிப்போட்டப் போட்டோ புடிச்சு இப்பவே அனுப்புங்க. மத்தத நான் பாத்துக்கொள்றேன்."

போன் அடங்கியதும் திவாகரன் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தார். நிஸாம்தான் சொன்னார், "எங்களுக்கு எப்பவோ தெரியும் திவா. நீங்க செல்ற மட்டும் பாத்துக்கிட்டு இருந்தோம்."

புதன்கிழமை அனுமதி வந்தது. வியாழக்கிழமை முதல் ஊசி ஏறியது. திரும்பி வரும் வழியில் இருவரும் ஒரு கடையில் ரொட்டி சாப்பிட உட்கார்ந்தார்கள். திவாகரன் ஒன்றும் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு ஞானேஸ்வரி மெதுவாக ஆரம்பித்தார்.

"எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுங்க."

"எங்கிட்டச் சொல்லலாம்ல."

"எங்க சொல்ல விட்டீங்க? டீ ஊத்தப் போயிருவீங்க." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவர் சொல்லிக்கொண்டு போனார். "அலுமாரியில இருக்குற சாரியெல்லாம் யாரு யாருக்குன்னு மனசுக்குள்ள பிரிச்சு வச்சிட்டேன். ஊதா தங்கச்சிக்கு. மஞ்ச மகளுக்கு. அந்தப் பச்சப் பட்ட மட்டும் யாருக்குக் குடுக்கன்னு முடிவு பண்ண முடியல. அதுல எனக்கு ஆச."

எழுந்து போக அந்தக் கடையில் திவாகரனுக்கு ஒரு வேலையும் இல்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைக்காரர் பார்க்கிறாரே என்ற வெட்கமும் இல்லாமல் அழுதார். பயத்தோடு இவளை இத்தனை மாதம் தனியாக விட்டுவிட்டோமே என்று நெஞ்சு பொறுக்கவில்லை.

"அத யாருக்கும் குடுக்காத ஞானம். அடுத்த ஊசிக்குக் கட்டிக்கிட்டு வா."

விளையாட்டுக்குச் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். இரண்டாவது ஊசிக்கு ஞானேஸ்வரி பச்சைப் பட்டு உடுத்தி, தலையில் பூ வைத்து, காதில் தோடு மின்ன ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். வரிசையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஊசி போடும் மிஸ் வாய் நிறையச் சிரித்து, "யாருக்கம்மா கல்யாணம்?" என்று கேட்டார்.

ஞானேஸ்வரி வாயைத் திறக்குமுன் திவாகரன் முந்திக்கொண்டார். நல்ல செய்தி சொல்லும் அதே குரலில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"கல்யாணம் இல்ல மிஸ், கேன்சர். ரெண்டாவது ஊசி."