திருப்பாத அட்டை

வாகன உரிம அலுவலகத்தின் மூன்றாம் அறையில் கண் பரிசோதனை செய்யும் எழுத்தருக்கு அலுவலகத்தார் வைத்த பெயர் ‘விடுதலை’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்கும் முன்பே வாயைத் திறந்துவிடுவார். “வளந்த மனுஷன் எங்க போகணும், என்ன ஓட்டணும், என்ன திங்கணும்னு சொல்ல அரசாங்கம் யாரு? அடுத்தவனுக்குக் கெடுதல் பண்ணினா அப்ப வந்து புடி. பண்றதுக்கு முன்னாடியே எதுக்குக் கையக் கட்டுற?” அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து, அரசாங்க மின்விசிறிக்குக் கீழே, அரசாங்கத்தைத் திட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“அப்போ ராஜினாமா பண்ணிட்டுப் பேசு தம்பி” என்பார் பக்கத்து மேசையில் முத்திரை குத்தும் அக்கா.

“ஓய்வூதியம் நீங்க தருவீங்களாக்கா?” என்று இவர் கேட்க, அறையே சிரிக்கும். இவரும் சிரிப்பார். உள்ளே என்னவோ குத்தும்.

குத்துவதற்குக் காரணம் இருந்தது. இருபத்துமூன்று வயதில் இவரும், பார்சல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த இவருடைய அப்பாவும் சேர்ந்து ஒரு பழைய வேன் வாங்கினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகலாம் என்று திட்டம். அந்த வழியில் ஏற்கெனவே பேருந்து ஓடுகிறது என்று அனுமதி மறுத்தார்கள். பேருந்து காகிதத்தில்தான் ஓடியது. ஆறு விண்ணப்பங்களுக்கும் அதே பதில். வேன் வாசலில் நின்றபடியே துருப்பிடித்தது. ஏழாவது முறை போனபோது, அதே அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். “வெளிய நின்னு கெஞ்சுறதுக்கு உள்ள போய் உக்காந்துக்கடா” என்று அப்பாதான் அதற்கும் மனுப் போடவைத்தார். உள்ளே வந்து உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எழுந்து போக இன்னும் வழி பிறக்கவில்லை.

வேலையை விட முடியாதவர் வேலைக்குள்ளேயே ஒரு சின்னக் கலகம் நடத்திவந்தார். சுவரில் தொங்கும் எழுத்து அட்டைக்கு இரண்டு பக்கம். வாரம் ஒருமுறை திருப்பி மாட்ட வேண்டும் என்பது விதி. அந்த அறைக்கு வந்து பதினோரு வருடம் ஆகியும் அவர் ஒருதரம்கூடத் திருப்பவில்லை. தேறுவதற்குப் படிக்க வேண்டிய வரியில் ஐந்தே எழுத்து: ப, ம, ட, ல, வ. ஊருக்கே அது மனப்பாடம். எதிரே இருந்த டீக்கடைக்காரர், டீ ஆறுவதற்குள் பாடம் நடத்தி அனுப்பிவிடுவார். “அவனவன் கண்ணு அவனவனுக்குத் தெரியும், நடுவுல நான் யாரு?” என்று விடுதலை ‘தேறினார்’ என்று எழுதித் தள்ளிவிடுவார். அதற்காக ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

எழுபது தாண்டியவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து எழுத்தைப் படித்துக் காட்ட வேண்டும். அப்பாவுக்கு எழுபத்திரண்டு. அம்மா போன பிறகு ஸ்கூட்டர்தான் அவருக்கு எல்லாம். பேத்தியைப் பள்ளியில் விடுவது, நூலகம், முடிவெட்டும் கடை, பழைய ஓட்டுநர் கூட்டாளிகளோடு அரட்டை என்று பகல் முழுக்க வீட்டில் கால் தரிக்காது. “இன்னிக்கு உன் ஆபீசுக்குத்தான் வரேன். வரிசையில நின்னே வரேன், சலுகை கிலுகையெல்லாம் வேண்டாம்” என்று காலையில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

“தாத்தா பாஸாயிடுவாருப்பா” என்றாள் ஒன்பது வயது மகள், ரொட்டியை மென்றுகொண்டே. “நாங்கதான் தினம் பழகுறோமே.”

“என்ன பழகுறீங்க?”

“சிக்னல்ல சிவப்பா பச்சையான்னு தாத்தா கேப்பாரு, நான் பின்னாலேருந்து சொல்லுவேன். குறுக்க ஆளு வந்தாலும் நான்தான் சொல்லணும். நேத்து ஒருதடவ மறந்துட்டேன். தாத்தா திட்டவே இல்லப்பா.”

விடுதலை சமையலறைப் பக்கம் திரும்பினார். மகளை அன்று பள்ளியில் விடச் சொல்லி மனைவியிடம் கண்ணைக் காட்டினார். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும், “அப்பா, ஒருதரம் கண் டாக்டர்கிட்ட...” என்று ஆரம்பித்தார்.

“என் கண்ணு எனக்குத் தெரியும்டா. நீதானே அப்படிச் சொல்லுவே?”

சொல்லுவார்தான். சொந்த வாயே இப்போது அவரைக் கட்டிப்போட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

பதினொரு மணிக்கு அறை வாசலில் வரிசை நின்றது. ஆறாவது ஆளாக அப்பா, ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ரொட்டி வேன் ஓட்டுபவர். “அக்கா, எங்கப்பாவ நீங்க பாருங்களேன்” என்று கெஞ்சிப் பார்த்தார் விடுதலை.

“யாரு பார்த்தா என்ன தம்பி, அட்டை அதேதானே?” என்றார் அக்கா, தலை நிமிராமல்.

முதல் ஐந்து பேரும் ப, ம, ட, ல, வ என்று ஒப்பித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் அந்த எழுத்துகள் வரவர, இவருக்கு மகளின் பள்ளிக்கூடப் பைதான் நினைவுக்கு வந்தது. இவர்களெல்லாம் யார் யாரைப் பின்னால் ஏற்றுகிறார்களோ, யார் குறுக்கே போகிறார்களோ. பதினோரு வருடத்தில் ஒருநாளும் இந்த யோசனை வரவில்லை. தன் பிள்ளை என்றதும் வந்துவிட்டதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தும் எழுந்தார். அட்டையைக் கழற்றித் திருப்பி மாட்டினார்.

அட்டை திரும்பியது அங்கே ஒருவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது.

அப்பா தரையில் போட்டிருந்த கோட்டில் வந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நல்ல கணீர்க் குரலில் சொன்னார்: “ப. ம. ட. ல. வ.”

எவரும் சிரிக்கவில்லை.

“சரிதானே?” என்றார் அப்பா.

“அட்டையைத் திருப்பிட்டேம்ப்பா.”

அப்பாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. சுவர் இருந்த பக்கம் கண்ணை இடுக்கிப் பார்த்தார். அப்புறம் பின்னால் நின்றவர்கள் பக்கம் பார்த்தார். விடுதலை ‘தேறவில்லை’ என்று எழுதினார். எழுதிப் பழக்கமில்லாத சொல். ‘ற’வா ‘ர’வா என்று ஒரு நொடி கை நின்றது.

அடுத்தவர் முன்னால் வந்து மேசைமேல் குனிந்தார். “அண்ணே, உங்க வீட்டு விஷயம் முடிஞ்சுது. இப்பத் திருப்பி மாட்டிருங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க.”

திருப்பி மாட்டினால் அப்பாவை மட்டும் பிடிக்க வலை விரித்ததாகும். மாட்டாவிட்டால் இந்த ஆளின் வேலைக்கு உலை வைத்ததாகும். ஆறுமுறை தன் மனுவைத் தூக்கி எறிந்தவரும் இப்படி ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துக்கொண்டார். “படிங்க” என்றார். ரொட்டி வேன்காரர் அட்டையைப் பார்க்கவே இல்லை, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு வரிசையை விட்டு வெளியேறினார். அவர் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் நழுவினார்கள்.

நாலு மணிக்கு வெளியே வந்தால், அப்பா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார். உரிமம் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று காத்திருந்திருக்கிறார். ஐம்பது வருடம் வண்டி ஓட்டியவர்.

“வீட்டுலயே சொல்லியிருக்கலாமேடா.”

“கேட்டிருக்க மாட்டீங்கப்பா.”

“கேட்டிருக்க மாட்டேன்தான்.” சட்டைப் பையில் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினார். “நாளைக்கு முடி வெட்டிக்கப் போகணும். யாருகிட்டக் கேக்கணும்? உன்கிட்டயா, உம் பொண்டாட்டிகிட்டயா?”

கேலி செய்கிறாரோ என்று விடுதலை முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“என்கிட்டக் கேளுங்கப்பா” என்றார் விடுதலை.