பொய்ச் செய்திக்கு ஒரு பிளேன்டீ

எங்கள் போன் குரூப்பில் இருந்தவர்கள் இவ்வளவுதான். வெள்ளவத்தையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். கொட்டாஞ்சேனையில் ஆட்டோ ஓட்டும் தம்பி. புறக்கோட்டைப் புடவைக் கடையில் துணி அளந்து கிழிக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. அதே தெருவில் கைவண்டி தள்ளும் நான்.

எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். போனில் தட்டி எழுத வராது. பேசி அனுப்புவேன். உடைந்த போனைத் திருத்திக் கொடுத்த அன்று அண்ணைதான் என்னைச் சேர்த்துவிட்டார்.

விடிந்தால் பேச்சுத்தான். பெட்ரோல் விலை கூடுமா, எந்த மந்திரி பேசியது நிஜம், எது ஏஐ செய்த வீடியோ. ஒரு சட்டம் உண்டு. பொய்ச் செய்தி போட்டவர் மறுநாள் காலை, அண்ணை சாமான் எடுக்கப் புறக்கோட்டைக்கு வரும் நேரம், எல்லாருக்கும் பால் விடாத பிளேன்டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். அதனால் போட்டவர் கடைசி வரை உண்மை என்றே நிற்பார். அதிகம் வாங்கியவர் நானா. "எனக்குச் செலவு வைக்கத்தான் நீங்க மூணு பேரும் போன் வச்சிரிக்கிற" என்பார்.

ஒரு கிழமையாக மழை விடவில்லை. பகல் நேரம் நானா ஒரு படம் போட்டார். மண்ணுக்குள் போன லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். கீழே எங்கள் தோட்டத்தின் பெயர். அது என் ஊர் என்று நானாவுக்குத் தெரியாது. அக்கா அங்கேதான். அக்காவோடு வீட்டில் ஏழு பேர். முந்தின நாளிலிருந்து அவர்கள் போன் வேலை செய்யவில்லை.

"அது நம்ம தோட்டங்க. அக்கா அங்கதான் இருக்கு" என்று பேசி அனுப்பினேன். வண்டியை ஓரம் கட்டினேன்.

நானாவின் குரல் வந்தது: "படம் பொய்யா இரிக்கணும். அண்ணை, நல்லாப் பாருங்க. ஒரு மாசத்துக்கு டீ நான் வாங்குறேன்."

தான் போட்டது பொய்யாக வேண்டும் என்று அங்கே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணை படத்தைப் பெரிதாக்கித் திருப்பி அனுப்பினார். "மூலையில நிக்கிற ஜீப்பைப் பாருங்கோ. ஸ்டீயரிங் இடப்பக்கம். எங்கட நாட்டு வாகனமே இல்லை. வேற எங்கயோ எடுத்த படம்."

"படம் பொய், சரிங்க. மலை சரிஞ்சதும் பொய்யா?" என்றேன்.

தம்பி, "இருங்கண்ணே, நம்ம டிரைவர்மார் குரூப்பில கேக்கிறேன்" என்று அக்காவின் பெயரைக் கேட்டு வாங்கினான்.

அந்தப் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர், தம்பியே முகம் பார்த்திராதவர், பாதை உடைந்த இடத்தில் ஆட்டோவை விட்டுவிட்டு நடந்து போனாராம். நாலு மணிக்குப் படம் வந்தது. பள்ளிக்கூட மண்டபம், பாய்கள், நடுவில் அக்காவும் வீட்டாரும். "லயத்துக்கு ஒண்ணும் ஆகல. ஆளுங்கள முன்கூட்டியே எறக்கிட்டாங்க" என்று அந்த ஆட்டோக்காரரின் குரலும் வந்தது.

எண்ணினேன். ஆறு. திரும்ப எண்ணினேன். ஆறுதான். அக்காவின் கடைசிப் பேத்தி இல்லை.

"ஒண்ணு குறையுதுங்க" என்றேன்.

"பொறுங்கோ" என்று அண்ணை படத்தை வெளிச்சமாக்கி அனுப்பினார். பிள்ளை அக்காவின் சேலைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. தலை மட்டும் தெரிந்தது.

மறுநாள் நானா டீ வாங்கினார். என் கோப்பையில் சீனி கூடப் போடச் சொன்னார். குடித்துவிட்டு, நன்றி சொல்லாமலே வண்டியை எடுத்தேன். அந்த நன்றியை இப்போதுதான் சொல்கிறேன், நடந்து போன அந்த மனிதருக்கும் சேர்த்து.

பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்தை அழிக்கவில்லை. சுமை இல்லாத நேரம் எடுத்து எண்ணுவேன்.

ஏழு.