வளைவில் கிடந்த தக்காளி

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். என் கணவர் தனியார் பள்ளி ஒன்றில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தக்காளிக்கு விலையே இல்லாமல் போன வருஷம், ஒருநாள் காலையில் பைக்கில் வேலைக்குக் கிளம்பியவர், எங்கள் ஊர் ஏரிக்கரை வளைவில் சறுக்கி விழுந்தார். வலது காலில் எலும்பு முறிந்தது.

யாரோ கொட்டிவிட்டுப் போன தக்காளி மேல் வண்டிகள் ஏறி, தூறலில் ரோடு முழுக்கக் கூழாகக் கிடந்ததாம். ஸ்டேஷனில் அதிவேகம் என்று எழுதிக்கொண்டார்கள். முப்பதைத் தாண்டவேயில்லை என்று கட்டிலில் கிடந்தபடி வந்தவர் எல்லோரிடமும் சொன்னார். எட்டு வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றிப் போனவர், வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அதிவேகம் என்று எழுதப்பட்டவரிடம் வேனைக் கொடுக்க முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துப்போய் வளைவை அளந்தேன். ஆரம் இருபது மீட்டர் வந்தது. திரும்புகிற வண்டியை உள்பக்கமாக இழுத்துப் பிடிப்பது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள உராய்வு மட்டும்தான். அது போதாவிட்டால் வண்டி நேராகத்தான் போகப் பார்க்கும். காய்ந்த தார் ரோட்டுக்கு உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்தால், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வேகம் வரை அங்கே திரும்பலாம். தக்காளிக் கூழுக்கு 0.2 என்று வைத்தேன். இருபத்துமூன்றைத் தொட்டாலே சறுக்கும். சமன்பாட்டில் நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகிறது, வண்டியும் ஆளும் எவ்வளவு கனமானாலும் இதே கணக்குதான். அன்றைக்கு முப்பதில் அந்த வழியாக வந்தவர் யாராக இருந்தாலும் விழுந்திருப்பார்.

படம் போட்டு, விசைகளைக் குறித்து, வெள்ளைத்தாளில் அழகாக எழுதினேன். ஸ்டேஷனில் கொடுப்பதென்றால் கொட்டியது யார் என்றும் சொல்லவேண்டுமே என்று வளைவோர டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா டீச்சர்? உங்க அண்ணன் டிராக்டருதானுங்க."

அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன்தான். இந்த விதிகளையெல்லாம் நான் கற்றுக்கொண்டதே அவன் தயவில். அன்றைக்கே அவன் காட்டுக்குப் போனேன். காய்ந்த தக்காளிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். நான் கணக்கெழுதிய தாளைக் காட்டிக் கேட்டதும் மறைக்கவில்லை. மண்டியில் யாரும் எடுக்காததால் திரும்பக் கொண்டுவந்த லோடு அது, ஓரமாகத்தான் கொட்டினேன் என்றான். மாப்பிள்ளை அந்த வழியாக வருவார் என்று நினைக்கவில்லையாம். வேறு யாராவது விழுந்திருந்தால் பரவாயில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"நீ அந்தக் காகிதத்தக் குடுத்தீன்னா கேசு எம்மேலதான் வரும் பாப்பா. உம்மனசுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி" என்றான்.

நான் என்ன செய்வேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு நிதானமாகச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அளந்தியே, கணக்கு என்ன வந்துச்சு?"

"நீங்க கொஞ்சம் வேகமாத்தான் போயிருக்கீங்க."

அவர் என்னைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. அவர் கத்தியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. "நீயே சொல்றேன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

கால் எலும்பு கூடிவிட்டது. வேன் வேலை கிடைக்கவில்லை. இப்போது ஒரு பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிறார். பண்டிகைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனால் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். யாராவது விபத்தைப் பற்றிக் கேட்டால், "நான்தாங்க கொஞ்சம் வேகமா போயிட்டேன்" என்கிறார். அண்ணன் குனிந்தபடி சாப்பிடுகிறான். நான் ரசம் ஊற்றுகிறேன்.